கெட்டில்பெல் பயிற்சியை நாலு வேளையாகப் பிரித்ததும் என் வலது முழங்கையும்

வீட்டில் கெட்டில்பெல் என்கிற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காமல், காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துச் செய்யலாமா என யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகச் செய்யலாம். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எதை எதிலிருந்து பிரிப்பது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு யூனிஃபார்ம் சீசன் முழுவதும் என் கையை விட்டுப் போயிருக்காது. மாதக்கணக்கில் கத்தரி பிடிக்க முடியாமல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் நிலையும் வந்திருக்காது.

எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தால் எங்கள் ஊர்ப்பக்கம்தான். ஆளும் அரசு கேரளம், வீட்டுக்குள் பேச்சு தமிழ், கடையில் இரண்டும். தையல்தான் தொழில். பிளவுஸ், சுடிதார், மே மாதம் வந்தால் பள்ளி யூனிஃபார்ம். கேரளத்தில் ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடும், அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்தே துணி வந்து குவியும். அந்த ஒன்றரை மாதத்துத் தையல் கூலியில்தான் எங்கள் வீட்டில் பெரிய செலவெல்லாம் நடக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. மருந்து இப்போது வேண்டாம், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறீர்கள், தசைக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் பெண்கள் போகும்படி ஜிம் கிடையாது. அப்படித்தான் கெட்டில்பெல் வீட்டுக்குள் வந்தது. மூலையில் வைத்தால் இடம் அடைக்காது, ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். ரஷ்யாவிலிருந்து வந்த சாமான். அவர்களுடைய பழைய எடைக் கணக்கில் ஒரு பூட் என்பது 16.38 கிலோ. அதனால்தான் 8, 16, 24, 32 என்று அதை ஒட்டியே எடைகள் வருகின்றன.

ஆன்லைனில் பயிற்சி தருகிற ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய் கட்டினேன். என் வேலையைச் சொன்னதும், உங்களுக்குப் பிரித்துச் செய்வதுதான் சரி என்று ஓர் அட்டவணை அனுப்பினார். காலையில் எழுந்ததும் ஸ்விங் நூறு, அதாவது குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து இடுப்பு வேகத்தில் முன்னால் வீசுவது. பதினொரு மணிக்கு கிளீன், குண்டைக் கீழிருந்து தோள் வரை கொண்டுவருவது. நாலு மணிக்கு ரோ, குனிந்து நின்று குண்டை இடுப்புப் பக்கம் இழுப்பது, அதோடு குண்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது. இரவு சாப்பாட்டுக்கு முன் ஸ்னாட்ச், ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. ஞாயிறு தவிர எல்லா நாளும். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து மணி நேரம் ஓய்வு இருப்பதால் களைப்பே வராது, ஒவ்வொன்றையும் புது உடம்போடு செய்யலாம் என்று விளக்கமும் வைத்திருந்தார்.

முதலில் நன்றாகவே போனது, அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பிளவுஸ் முடித்துவிட்டு எழுந்து பத்து நிமிடம் செய்வது உடம்புக்குப் பிடித்துப்போனது. இடுப்பு வலி குறைந்தது. மதியத்துக்குப் பிறகு கண்ணைச் சொக்கும் தூக்கம் வரவில்லை. எங்கள் அத்தை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்தன வாட்டி தூக்கறதுக்கு ஒருக்கா தூக்கிட்டு விட்டா ஆகாதா?" என்று கேட்டார். பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று அப்போது சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். பிறகு ஃபிசியோதெரபிஸ்ட் மேஜையில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

வலி திடீரென்று வரவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். காலையில் தோசை திருப்பும்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சுருக். தண்ணீர்க் குடத்தைச் சாய்க்கும்போது ஒரு சுருக். பயிற்சி ஆரம்பித்தால் இரண்டாவது செட்டில் காணாமல் போய்விடும். அதுதான் ஏமாற்றுகிறது. சூடேறியதும் தசைநாண் வலி அடங்கிவிடும், அடுத்த நாள் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வரும். பயிற்சியாளரிடம் சொன்னேன். உடம்பு பழகுகிறது, விடாமல் செய்யுங்கள், எடையைக் கூட்டினால் பிடி பலமாகும் என்று பதில் வந்தது. 8 கிலோவிலிருந்து 12 கிலோவுக்கு மாறச் சொன்னார். மாறினேன். அதற்கும் தனியாக 2,400 ரூபாய்.

ஏப்ரல் கடைசியில் யூனிஃபார்ம் துணி வந்தது. யூனிஃபார்ம் வெட்டுவது பிளவுஸ் வெட்டுவது போல இல்லை. பேன்ட் துணியை நாலைந்து மடிப்பாகப் போட்டு, பெரிய கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கத்தரியைத் திறக்கிறேன், மூட முடியவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை யாரோ கம்பி வைத்து இழுத்த மாதிரி இருந்தது. கத்தரி துணிமேலேயே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் மட்டுமில்லை, மேஜைமேல் அடுக்கியிருந்த துணியைப் பார்த்த பயத்தாலும்தான். பெயர் எழுதிச் சீட்டுக் குத்திய துணிகள், வாங்கிய அட்வான்ஸ், ஜூன் வரும்போது வந்து நிற்கப்போகும் தாய்மார்கள். இடது கையால் வெட்டிப் பார்த்தேன், கோணலாகப் போனது. கடைசியில் பாதிக்கு மேல் துணியை வேலந்தாவளத்தில் தைக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கூலி அவருக்கு. அந்த சீசனில் மட்டும் என் கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட நாற்பதாயிரம். அதைவிட, வருடா வருடம் வரும் சில குடும்பங்கள் அடுத்த வருடம் நேரே அவரிடமே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சீசனைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கை வெளிப்பக்கத் தசைநாண் வலி, ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஸ்டீராய்டு ஊசி, ஸ்கேனோடு சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. கும்பிடாத குறைதான். மழைக்காலம் முடிவதற்குள் அதே வலி முன்னைவிட மோசமாகத் திரும்பியது. இப்படி நடப்பது எனக்கு மட்டுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், டென்னிஸ் எல்போ உள்ளவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு ஃபிசியோ, ஒரு பிரிவுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிக் காத்திருக்க வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் ஊசிப் பிரிவுதான் முன்னால் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதுதான் கடைசி, வலி திரும்பியவர்களும் அதில்தான் அதிகம். இன்னொன்று, இந்த ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறவர்கள் ஊசிக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு பாலக்காட்டில் ஒரு ஃபிசியோவிடம் போனேன். சின்னப் பெண்தான், என்னைச் சேச்சி என்றே கூப்பிடுவார். ஒரு தடவைக்கு 350 ரூபாய், பஸ் செலவும் அரை நாளும் தனி. முதல் நாள் கையைத் தொடும் முன்பே அட்டவணையைக் காட்டச் சொன்னார். போனில் காட்டினேன். ஒரு பேப்பர் எடுத்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா வேண்டாமா என்று என்னிடமே கேட்டுக் கேட்டு டிக் போட்டார். ஸ்விங், டிக். கிளீன், டிக். ரோ, டிக். தொங்கவிட்டு நடப்பது, டிக். ஸ்னாட்ச், டிக். அப்புறம் கீழே, "கத்திரி" என்று எழுதி அதற்கும் ஒரு டிக். "சேச்சி, ஓரோன்னும் குறச்சே உள்ளு, பக்ஷே கை ஒன்னல்லே?" என்றார். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான், ஆனால் கை ஒன்றுதானே என்று அர்த்தம்.

அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாயிரம் கட்டியும் கிடைக்காத பாடம் அதில் இருந்தது. பயிற்சியாளர் பயிற்சியின் பெயரைப் பார்த்துப் பிரித்திருந்தார். பெயர் ஐந்து, வேளை நாலு, ஆனால் நாலு வேளையும் சுமந்தது ஒரே முன்கைதான். சீட்டு கட்டுகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். நாலு இடத்தில் நாலு சின்னச் சீட்டு, ஒவ்வொன்றும் பாரமே இல்லை, ஆனால் நாலுக்கும் பணம் போவது ஒரே பர்ஸிலிருந்து. பிரித்துச் செய்யும்போது மூச்சு வாங்காது, இதயம் படபடக்காது, அதனால் நிறையச் செய்கிறோம் என்ற உணர்வே வராது. ஒரு மணி நேரம் சேர்த்துச் செய்திருந்தால் பாதியிலேயே பிடி விட்டுப்போய் நிறுத்தியிருப்பேன். நடுவில் நாலு மணி நேர இடைவெளி கிடைத்ததால் பிடி கொஞ்சம் தெளியும், அடுத்த பங்கையும் வாங்கிக்கொள்ளும். தசை அந்த நேரத்தில் ஓரளவு மீண்டுவிடும். தசையை எலும்போடு கட்டும் நாண் அப்படி மீளாது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, ஒரு பெரிய வேலைக்குப் பிறகு சரிப்படுத்திக்கொள்ள ஒரு நாள், இரண்டு நாள் வேண்டும். எனக்கு அந்த ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை தவிரக் கிடைக்கவே இல்லை. ஞாயிறும் தையல்தான்.

ஆகவே யாராவது பிரிக்கச் சொன்னால், முதலில் பயிற்சிகளை இரண்டு கூட்டமாகப் போடுங்கள். கையில் தொங்குவது ஒன்று, கைமேல் உட்காருவது ஒன்று. ஸ்விங், கிளீன், ஸ்னாட்ச், ரோ, தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் தொங்குகிற வகை, முன்கையைப் பிழிந்துவிடும். தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், படுத்திருந்து குண்டை மேலே நிறுத்தியபடியே எழுந்து நிற்கும் கெட்-அப், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும் கோப்லெட் ஸ்குவாட் எல்லாம் உட்காருகிற வகை. இதில் குண்டின் பாரம் முன்கை எலும்பின் மேலோ நெஞ்சின் பக்கமோ இறங்கிவிடும், விரல்கள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். மணிக்கட்டைப் பின்னால் மடங்கவிடாமல் நேராக வைத்தால் முழங்கைக்கு அவ்வளவு சுமை போகாது. முதல் கூட்டத்துப் பயிற்சி ஏதாவது ஒன்றைச் செய்த நாளில் அதே கூட்டத்தில் இன்னொன்று வேண்டாம். அடுத்த நாளும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டு வேளை செய்வதென்றால் ஒரு வேளையாவது உட்காருகிற கூட்டமாக இருக்கட்டும். என் வரையில் பிரிப்பது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

கை சரியாக ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தது. சீக்கிரம் ஆக்கிவிடுகிறேன் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். முதலில் முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்பைத் தாண்டி நீட்டியிருக்க, ஒரு கிலோ பாக்கெட்டைப் பிடித்து அசையாமல் முப்பது, நாற்பது விநாடி. நான் உப்புப் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுப் பிடித்தேன். அது வலிக்காமல் ஆன பிறகு, இடது கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலது கையை மட்டும் வைத்து மெதுவாக, நாலைந்து விநாடி எடுத்து இறக்குவது. வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலை தோசைக் கரண்டியைப் பிடிக்கும்போது முதல் நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அன்றைக்குப் பாதி. இந்தக் கரண்டிக் கணக்கு எந்தக் கருவியையும்விட எனக்கு உதவியது, இன்றும் அதைத்தான் பார்க்கிறேன். வெறும் ஓய்வு மட்டும் எடுத்தால் நாண் பலவீனமாகவே இருக்கும், மறுபடி கத்தரி பிடித்த அன்றே வலிக்கும் என்று அந்தப் பெண் சொன்னது உண்மைதான். நான் முதலில் முழு ஓய்வு எடுத்துப் பார்த்து, பலன் இல்லாமல்தான் அவரிடம் போனேன். அந்த மாதங்களில் எனக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. வீட்டில் யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுந்தேன். கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற என் வீட்டுக்காரர்தான் துணியை மடித்துப் போட்டு வெட்டக் கற்றுக்கொண்டார். "ஏனுங்க, கோட்டுக்கு மேலயே வெட்டுங்க" என்று நான் பக்கத்தில் நிற்க, அவர் வியர்த்துக்கொண்டே வெட்டுவார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கை என்ன தொழில் செய்கிறதோ அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஸ்விங், பத்துப் பத்தாக ஆறு செட், 12 கிலோ, இரண்டு கையாலும் பிடித்து. அந்த இரண்டு நாளும் பெரிய துணி வெட்டுகிற வேலையை வைத்துக்கொள்ள மாட்டேன், காஜா, பட்டன், ஓரம் மடிப்பது மட்டும். திங்கள், வியாழன் காலையில் பிரஸ், 6 கிலோ. மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் கழித்து கோப்லெட் ஸ்குவாட், 8 கிலோ. புதன் கெட்-அப், பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ, அவசரமே இல்லாமல். சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. ஓணம், தீபாவளி, யூனிஃபார்ம் சீசனில் ஸ்விங்கையே எடுத்துவிடுவேன், ஸ்குவாட்டும் கெட்-அப்பும் மட்டும். தொழிலில் கை உழைக்கிற காலத்தில் பயிற்சியில் கைக்கு விடுமுறை. வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வேலை வேண்டும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். 2020-இல் வந்த அதன் வழிகாட்டலில், பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில் சேராது என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது. ஆக, தினம் நாலு வேளை யாருக்கும் கட்டாயமில்லை, சின்னச் சின்னதாகச் செய்வதும் வீண் போகாது.

மதியம் ஸ்குவாட் வைத்ததற்குக் காரணம் சர்க்கரை. தொடைத் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினை எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஏற்றம் குறையும். ஆனால் சாப்பிட்ட உடனே ஸ்விங் வேண்டாம். குனிந்து நிமிரும்போது ரசமும் சோறும் தொண்டைக்கு வரும். அதேபோல எழுந்த உடனேயும் ஸ்விங் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும், காலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாகவே எழுகிறோம். அந்த நேரத்தில் குனியும் வேலை தட்டுகளை அதிகம் அழுத்தும். முதுகெலும்பு ஆய்வில் பெயர் பெற்ற கனடாக்காரர் ஸ்டூவர்ட் மெக்கில் எழுந்த முதல் ஒரு மணி நேரமாவது குனிந்து பாரம் தூக்காதீர்கள் என்று சொல்லி வருகிறவர். ஸ்விங் செய்யும்போது முதுகில் என்ன சுமை விழுகிறது என்று அளந்து 2012-இல் எழுதியவரும் அவர்தான். எனக்கு எழுந்ததும் நூறு ஸ்விங் கொடுத்திருந்தார்கள். முதுகு தப்பித்தது என் அதிர்ஷ்டம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும், அப்போது களத்தில் நின்று செய்வது சுகமாகவும் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் நேரப் பயிற்சியை யோசிக்கவே வேண்டாம். 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது.

பிரிப்பதில் யாரும் கணக்குப் போடாத இன்னொரு செலவு நேரம். பத்து நிமிடப் பயிற்சி என்பார்கள். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் உடம்பைச் சூடாக்க ஐந்து நிமிடம், உடை மாற்ற, வியர்வை அடங்க, கை கழுவ. நாலு வேளை செய்தபோது ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. உடை மாற்றுவதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். வீட்டில் நைட்டியோடு இருப்போம், அதோடே ஸ்விங் செய்தால் குண்டு கால்களுக்கு நடுவே போகும்போது துணி கைப்பிடிக்குள் மாட்டும். எனக்கு ஒரு தடவை மாட்டி, குண்டு பாதி வழியில் நின்று மணிக்கட்டைத் திருப்பிவிட்டது. இறுக்கமான பேன்ட் இல்லாமல் ஸ்விங் செய்யாதீர்கள். சமையலிலிருந்து நேரே வந்தால் கையில் தேங்காய் எண்ணெய் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, குண்டுக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வழுக்குகிற கையோடு செய்யும்போது நம்மை அறியாமல் இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிப்போம், அதுவும் முழங்கைக்குத்தான் போகும். துணியில் கோடு போடும் சாக்பீஸைப் பொடித்துப் பூசிப் பார்த்தேன், இன்னும் வழுக்கியது. ஜிம்மில் பூசுவது மெக்னீசியம் கார்பனேட், அது வேறு. தரையில் பழைய கோணிச் சாக்கை நாலாக மடித்து, மேலே ரப்பர் பாய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் உடைந்தால் அது தனிச் செலவு.

குண்டு வாங்குவதைப் பற்றியும் ஒன்று. முதலில் விலை குறைவு என்று பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் நிரப்பியதை வாங்கியிருந்தேன், 900 ரூபாய். அதன் கைப்பிடி என் கைக்கு ரொம்பத் தடிமன், அடியில் இரண்டு பாதியும் ஒட்டிய தழும்பு வேறு உள்ளங்கையைக் கிழிக்கும். போட்டிகளில் பயன்படுத்தும் குண்டுகளின் கைப்பிடி 33 அல்லது 35 மில்லிமீட்டர் தடிமன்தான். நம் ஊர்ப் பெண்களின் கைக்கு அதற்கு மேல் போனால் விரல் முழுக்கச் சுற்றி வராது, நுனி விரலால் பிழிந்துகொண்டே இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வார்ப்பிரும்பு வாங்குங்கள். கைப்பிடியைப் பிடித்தால் நடுவிரல் நுனி கட்டைவிரல் அடி மேட்டைத் தொட வேண்டும். ஒரே குண்டு எல்லாவற்றுக்கும் போதும் என்பதும் சரியில்லை. ஸ்விங்குக்கு இடுப்பு தள்ளுகிறது, பிரஸ்ஸுக்குத் தோள் தள்ளுகிறது. இரண்டுக்கும் ஒரே எடை என்றால் ஒன்று பத்தாது, இல்லை இன்னொன்று அதிகம். இரண்டு குண்டாவது வேண்டும்.

பயிற்சி தருகிறவரிடம் பணம் கட்டும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு மொத்தம் எத்தனை தடவை கைப்பிடியில் தொங்கும் பயிற்சி வருகிறது? வேளைக்கு எத்தனை என்று சொல்வார், விடாமல் வாரத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். என் தொழிலில் கை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வலி வந்தால் எதைக் குறைப்பீர்கள்? மூன்றாவதற்கு, எடையைக் கூட்டுவேன் என்றோ பழகிவிடும் என்றோ பதில் வந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். பிரித்துச் செய்யத் தொடங்கும் முதல் மாதம், முன்பு சேர்த்துச் செய்த மொத்தத்தைத்தான் பிரிக்க வேண்டும், கூட்டக் கூடாது. அதற்காக ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். அளவுப் புத்தகத்தின் பின்பக்கம்தான். தேதி, என்ன பயிற்சி, எத்தனை, அன்றைக்கு எவ்வளவு துணி வெட்டினேன், மறுநாள் காலை கரண்டி பிடிக்கும்போது எப்படி இருந்தது. அவ்வளவுதான் எழுதுவேன். முழங்கையிலோ மணிக்கட்டிலோ ஒரே இடத்தில் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால், விரலில் மரத்துப்போனால், கையிலிருந்து டம்ளர் நழுவினால், ஊசிக்கு முன்னால் ஒரு ஃபிசியோவையோ எலும்பு டாக்டரையோ பாருங்கள். போகும்போது இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், கத்தரியோ அரிவாளோ கீபோர்டோ, உங்கள் கை நாள் முழுக்கப் பிடிப்பது எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.